திறக்காத கோப்புகள்

1997 ஜனவரி 1 அன்று செங்கல்பட்டு எம்.ஜி.ஆர். மாவட்டத்திலிருந்து பிரிந்து திருவள்ளூர் தனி மாவட்டமானது. அதே ஆண்டு மே மாதம் சிங்கப்பூரில் தமிழையும் கணினியையும் பற்றிய பன்னாட்டு மாநாடு ஒன்று ‘தமிழ்நெட் 97’ என்ற பெயரில் கூடியது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு ஏதுமில்லை. ஆனாலும் இந்த மாவட்டத்தின் அலுவலக வரலாற்றை எழுத உட்காருகிறவர் இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். புதிய ஆட்சியர் அலுவலகம் தன் கோப்புகளைத் தொடங்கியபோது தமிழ்நாட்டு அலுவலகங்கள் தட்டச்சுப் பொறியிலிருந்து கணினிக்கு மெல்ல மாறிக்கொண்டிருந்தன. அந்தக் கணினிக்குள் தமிழ் எழுத்து எந்த எண்ணில் உட்கார வேண்டும் என்று மென்பொருள் எழுதுபவர்கள் அணி பிரிந்து வாதிட்டுக்கொண்டிருந்த நேரமும் அதுவே. அந்த வாதம் அரசாணை அளவில் முடிய 13 ஆண்டுகள் ஆயின. மேசை அளவில் அதைவிட அதிகம். கும்மிடிப்பூண்டியில் அடித்த கடிதம் திருவள்ளூரில் திறக்க வேண்டும், திறந்ததும் தமிழாகத் தெரிய வேண்டும் என்பதுதான் அலுவலக ஊழியருக்கும் மனு கொடுக்க வந்தவருக்கும் தேவைப்பட்டது. இவ்வளவு சிறிய தேவை இவ்வளவு நாள் காத்திருந்ததற்குத் தொழில்நுட்பம் வளராதது முதற்காரணம் அல்ல என்பதே என் வாதம். செய்து தருபவர்கள் தங்கள் தொழில்நுட்ப மேடையின் மேன்மையை அளந்துகொண்டிருந்தார்கள். அதைப் பயன்படுத்தப்போகிறவர் அந்த அளவுகோலில் எங்குமே இல்லை.

கதை கணினிக்கு முன்பே தொடங்குகிறது. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா தமிழுக்குத் தட்டச்சுப் பொறி அமைத்தபோது அவர் முன் இருந்த கணக்கு கடினமானது: 247 எழுத்துகள், ஐம்பதுக்கும் குறைவான விசைகள். அழுத்தினாலும் உருளை நகராத விசைகளை வைத்துப் புள்ளியையும் கொக்கிகளையும் எழுத்தின் மேல் ஏற்றினார். ‘கெ’ அடிக்க வேண்டுமானால் முதலில் கொம்பு, பிறகு ககரம். கண்ணுக்குத் தெரியும் வரிசையே விரலின் வரிசை. பொறிகளைச் செய்த நிறுவனங்கள் மாறின, விசைகளின் இடம் சற்றுச் சற்று மாறியது. கடைசியில் அரசு ஓர் அமைப்பை நிலைநிறுத்தியது. அதன்மேல் ஒரு பெரிய சமூக ஏற்பாடு எழுந்தது. திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி போன்ற ஊர்களின் பேருந்து நிலையங்களை ஒட்டிய மாடிகளில் தட்டச்சுப் பயிலகங்கள் வந்தன. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் லோயர், ஹையர் தேர்வுகள் பத்தாம் வகுப்பு முடித்த பெண்களுக்கு அரசு வேலைக்கான படியாயின. ஒரு மேடையில் மக்கள் போட்ட முதல் என்ன என்று கேட்டால் விலைகொடுத்து வாங்கிய பொறியைச் சொல்வது பாதிப் பதில். மீதிப் பாதி, ஆண்டுக்கணக்கில் விரல்களில் ஏற்றிய பழக்கம். பின்னால் வந்த மென்பொருளாளர்கள் பெரும்பாலும் மறந்தது இந்த இரண்டாவது பாதியை.

1980களின் நடுவிலிருந்து தமிழ் கணினிக்குள் வந்தது. கொண்டுவந்தவர்கள் பெரிய நிறுவனங்கள் அல்லர். வேறு வேலை பார்த்துக்கொண்டே இரவில் நிரல் எழுதியவர்கள். கனடாவில் கே. ஸ்ரீனிவாசன் ‘ஆதமி’ செய்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன் ‘முரசு’ செய்தார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி ‘கணியன்’ செய்தார். சுவிட்சர்லாந்தின் லோசானில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் ‘மயிலை’ எழுத்துருவை உருவாக்கி இலவசமாகவே கொடுத்தார். ஈழத் தமிழர்களிடையே ‘பாமினி’ பரவியது. தமிழ்நாட்டு டிடிபி கடைகளில் புனேயிலிருந்து வந்த ‘ஸ்ரீலிபி’ உட்படப் பல தொகுப்புகள் ஓடின. அரசு அலுவலகங்களில் ‘வானவில்’ வேரூன்றியது. இவர்கள் எல்லோருக்கும் கிடைத்த இடம் ஒன்றுதான்: 8 பிட்டில் அடங்கும் 256 எண்கள், அதிலும் பாதி ஆங்கிலத்துக்கென ஏற்கெனவே ஒதுக்கப்பட்டவை. எந்த எண்ணில் எந்தத் தமிழ் வடிவம் என்று சொல்லப் பொது ஏற்பாடு இல்லாததால் ஒவ்வொருவரும் தமக்கு வசதியான இடத்தில் வைத்தார்கள். பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும் வந்து நிற்கும். கும்மிடிப்பூண்டியில் 1990 முதல் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று இருக்கிறது. அங்கிருந்த ஒருவரின் உறவினர் டொரண்டோவிலிருந்து பாமினியில் கடிதம் அனுப்பினால், முகாமுக்கு வெளியே இருந்த இணைய மையத்தில் முரசு எழுத்துரு மட்டும் இருந்தால், இருவரும் தமிழர்தான், கணினிகள் மட்டும் தமிழர் அல்ல. நாளிதழ்களும் வார இதழ்களும் தங்கள் இணையதளத்துக்குத் தனித்தனி எழுத்துரு வைத்திருந்தன. மூன்று பத்திரிகை படிக்க மூன்று எழுத்துருவை இறக்க வேண்டியிருந்தது.

இதைச் சரிசெய்யத்தான் ஒரு பொதுத்தரம் வேண்டும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். எந்தத் தரம் என்பதில்தான் பிளவு. 1997-க்குப் பிறகு உலகெங்கும் இருந்த ஆர்வலர்கள் மின்னஞ்சல் வழியாகவே விவாதித்து ‘திஸ்கி’ என்ற குறியேற்றத்தை வகுத்தார்கள். கல்யாணசுந்தரமும் முத்து நெடுமாறனும் மணி மு. மணிவண்ணனும் அதில் முன்னின்றனர். கிரந்த எழுத்துக்கும் பழந்தமிழ் எண்களுக்கும்கூட அவர்கள் இடம் ஒதுக்கினார்கள். பழைய நூல்களை வலையேற்றும் மதுரைத் திட்டம் 1998 பொங்கலில் தொடங்கியிருந்ததால் அந்தக் கவலை அவர்களுக்கு இயல்பு. சென்னையில் நிலைமை வேறு. 1999 பிப்ரவரியில் ‘தமிழ்நெட் 99’ மாநாட்டைத் தமிழக அரசு கூட்டியது. அச்சுத் தொழிலும் எழுத்துரு விற்பனையாளர்களும் நிறைந்த நகரம் அது. தமிழுக்கு மட்டுமான ‘டாம்’, தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த ‘டாப்’ என இரு குறியேற்றங்கள் பரிந்துரைக்கப்பட்டன. அந்த ஆண்டு ஜூனில் அரசாணையும் வந்தது. திஸ்கி அணி கலையவில்லை. வெளிநாட்டுத் தமிழரின் இணையதளங்களும் மடற்குழுக்களும் திஸ்கியிலேயே நடந்தன. தமிழ்நாட்டு அலுவலகமும் அச்சகமும் டாம், டாப் பக்கம் போயின அல்லது பழையபடி வானவில்லிலேயே கிடந்தன. அப்போதைய விவாதங்களை இன்று திரும்பிப் பார்த்தால் வியப்பு வருகிறது. வாதிட்டவர்கள் அறிவிலோ தமிழ்ப் பற்றிலோ குறைந்தவர்கள் இல்லை. இரண்டு தரப்பிலும் நல்ல காரணங்கள் இருந்தன. ஆனால் அரசு அலுவலகத்தில் கடிதம் அடிப்பவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றே: இரண்டிலும் கண்ணுக்குத் தெரியும் துண்டுகளுக்கே எண், இரண்டிலும் கொம்பு முதலில். ஏறத்தாழ ஒரே திறன் கொண்ட இரண்டு ஏற்பாடுகளில் எது என்பதற்காகச் செலவழிந்த ஆண்டுகளில், பொதுத்தரம் இல்லாத ஊரில் மேலும் இரண்டு மூன்று தரங்கள் சேர்ந்தன. ஊர் இரண்டுபட்டதில் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்தான்: ஒரு குறியேற்றத்தை இன்னொன்றாக்கும் மாற்றி நிரல்களுக்கு நல்ல தேவை பிறந்தது.

அந்த மாநாட்டின் இன்னொரு பிள்ளை ‘தமிழ் 99’ விசைப்பலகை. இதைப் பற்றிக் குறைவாகச் சொல்ல எனக்கு மனமில்லை. தமிழ்க் கணினி வரலாற்றில் பயனரை நினைத்துச் செய்த மிகச் சில வேலைகளில் இது ஒன்று. பன்னிரண்டு உயிரும் பதினெட்டு மெய்யும் ஆய்தமும் ஆக 31 எழுத்துக்கு விசை கொடுத்தால் மீதியை நிரல் பார்த்துக்கொள்ளும். உயிர் இடக்கையில், மெய் பெரும்பாலும் வலக்கையில். ககரத்தை இரண்டு முறை அடித்தால் முதல் ககரத்துக்குப் புள்ளி தானாக விழும். நகரத்தை அடுத்துத் தகரம் அடித்தால் ‘ந்த’ என்றாகிவிடும். புதிதாகக் கற்பவர் சில நாளில் வேகம் பிடிக்கலாம். இத்தனை யோசித்த அரசு ஒன்றை யோசிக்கவில்லை: ஏற்கெனவே கற்றவரின் விரல்களை. கொம்பை முதலில் அடித்துப் பழகிய கை, மெய்யை முதலில் அடித்துப் பிறகு எகரத்தை அடிக்க மறுக்கும். சரி, பழைய தலைமுறை போகட்டும், புதியவர்கள் கற்பார்கள் என்று சொல்லலாம். புதியவர்கள் எதற்காகக் கற்பார்கள்? அரசுத் தட்டச்சர் வேலைக்கு அரசுத் தேர்வாணையம் கேட்கும் சான்றிதழ் தட்டச்சுத் தேர்வுக்கானது. அந்தத் தேர்வோ 2020கள் பிறந்த பின்னும் இரும்புப் பொறியில், பழைய விசை வரிசையில் நடந்தது. ஒரே அரசின் ஒரு துறை புதிய விசைப்பலகையைத் தரம் என்று அறிவித்தது. இன்னொரு துறை பழைய விசைப்பலகையில் தேறியவருக்குத்தான் வேலை என்றது. கும்மிடிப்பூண்டியில் பயிலகத்துக்குப் போகும் பெண் எதைத் தேர்ந்தெடுப்பாள் என்பதில் ஐயம் என்ன இருக்கிறது? தமிழ் 99 பரவாமல் போனதற்கு மக்களின் பழமைப் பிடிப்பைக் காரணம் சொல்பவர்கள் உண்டு. அவள் செய்தது பிழையற்ற கணக்கு.

இந்தச் சண்டைகள் நடந்துகொண்டிருக்கும்போதே இவை அனைத்தையும் வேண்டாததாக்கும் ஒன்று வந்துவிட்டிருந்தது. உலக மொழிகளுக்குப் பொதுவான குறியேற்றமாக 1991-இல் வெளியான யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட தொகுதி இருந்தது. விண்டோஸ் 2000 வந்தபோது ‘லதா’ எழுத்துருவோடு யூனிகோடு தமிழ் சாதாரண மேசைக் கணினிக்கும் வந்தது. எழுத்துருவுக்கு என எதையும் தனியாக இறக்க வேண்டியதில்லை. ஆனாலும் தமிழ்நாட்டில் அதை ஏற்க இன்னும் பத்தாண்டு தயக்கம். தயக்கத்துக்குச் சொன்ன காரணங்கள் வெறும் பிடிவாதம் அல்ல, அவற்றை நேர்மையாக எடுத்துவைக்க வேண்டும். இந்திய மொழிகளுக்கான இஸ்கி தரத்தை அடியொற்றி அமைந்ததால் யூனிகோடில் அகரமேறிய ‘க’வுக்கு எண் உண்டு, ‘க்’ என்ற மெய்க்குத் தனி எண் இல்லை. ககரமும் புள்ளியும் சேர்ந்தால்தான் மெய். தமிழ் இலக்கணம் மெய்யையே அடிப்படையாகக் கொள்கிறது. னகரம் நகரத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதால் எண் வரிசையில் அடுக்கினால் நம் அகரவரிசை வராது. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட்டு என்பதால், ‘கொ’ என்ற ஓர் எழுத்து 6 பைட்டு பிடிக்கும். ஆகவே உயிர், மெய், உயிர்மெய் அனைத்துக்கும் தனித்தனி எண் தரும் ‘டேஸ் 16’ என்ற 16 பிட்டுக் குறியேற்றம் முன்மொழியப்பட்டது. கணக்காகப் பார்த்தால் அது அழகான ஏற்பாடுதான். ஆனால் ஒருமுறை எண் கொடுத்த எழுத்தை இடம் மாற்றுவதில்லை என்பது யூனிகோடின் உறுதி. அதனால் டேஸ் 16 தனியார் பயன்பாட்டுப் பகுதியில் குடியேற வேண்டியதாயிற்று. அங்கே இருப்பது எந்தத் தேடுபொறிக்கும் எந்தக் கைபேசிக்கும் தானாகத் தெரியாது. 2010 ஜூனில், கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த வேளையில், யூனிகோடும் டேஸ் 16-உம் தமிழுக்கான தரங்கள் என்று அரசாணை வந்தது. மறுபடியும் இரண்டு.

டேஸ் 16 தரப்பின் குறைகள் உண்மையானவை என்று ஒப்புக்கொண்ட பிறகும் அவர்கள் தீர்ப்பை ஏன் ஏற்க முடியவில்லை என்பதற்குத் திருவள்ளூர் மாவட்டத்தின் வரைபடமே போதும். வடக்கு எல்லை முழுதும் ஆந்திரம். 1960-இல் தமிழ்நாட்டோடு சேர்ந்த திருத்தணி, பள்ளிப்பட்டுப் பகுதிகளிலும் ஊத்துக்கோட்டை, கும்மிடிப்பூண்டி ஊர்களிலும் தெலுங்கு வீட்டுமொழியாக இருக்கும் குடும்பங்கள் ஏராளம். சென்னை–கூடூர் இருப்புப்பாதையை ஒட்டிய கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருட்டாலைகளிலும் வார்ப்பாலைகளிலும், அதே தாலுகாவின் தேர்வாய்கண்டிகை சிப்காட்டிலும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் வேலை பார்க்கிறார்கள். 2025 வரை நடப்பிலிருந்த, 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் தன் 108-ஆம் பிரிவில், ஆலையில் ஒட்ட வேண்டிய அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் தொழிலாளர்களில் பெரும்பாலோர்க்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்றது. உலை அருகே ஒட்டும் ஓர் எச்சரிக்கைத் தாளில் தமிழும் இந்தியும் ஒடியாவும் சேர்ந்து வர வேண்டிய இடம் இது. டாம் குறியேற்றத்தில் தமிழ் மட்டும் வரும். டாப், திஸ்கி இரண்டிலும் தமிழும் ஆங்கிலமும் வரும். மூன்றாவது மொழிக்கு 256 எண்ணில் இடம் கிடையாது. டேஸ் 16-இல் அடித்த தமிழோ, முன்பே சொன்னபடி, மற்ற கருவிகளுக்குத் தானாகத் தெரியாது. எழுத்துருவை வரிக்கு வரி மாற்றி ஒப்பேற்றலாம். அப்படிச் செய்த தாளை மின்னஞ்சலில் அனுப்பினால் மூன்று மொழியும் சேர்ந்து குழம்பும். யூனிகோடு இந்தப் பிரச்சினையைத் தீர்க்கிறது, வேறெதுவும் தீர்க்கவில்லை. தமிழ் இலக்கணத்துக்கு எது நெருக்கம் என்ற கேள்வி அறிஞர் அவையில் பெரிது. உலைக்குப் பக்கத்தில் நிற்பவருக்கோ தான் படிக்கக்கூடிய ஒரு வரி தேவை. அகரவரிசைச் சிக்கலை ஒரு சிறு நிரலால் தீர்க்கலாம், தீர்த்தும் விட்டார்கள். பைட்டுக் கணக்கை, விலை குறைந்துகொண்டே வந்த நினைவகம் தானே தீர்த்துவைத்தது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு உண்டு. போட்டி இல்லாமல் எதுவும் முதிராது. திஸ்கி விவாதம் நடக்காமல் இருந்திருந்தால் தமிழில் குறியேற்றம் பற்றிப் பேசத் தெரிந்தவர்களே உருவாகியிருக்க மாட்டார்கள். யூனிகோடைப் பின்னால் செயல்படுத்திக் காட்டியவர்களும் அதே திஸ்கிக்காரர்கள்தான் என்பது அந்த மறுப்பு. பாதிக்கு மேல் உண்மை. முத்து நெடுமாறன் ஆப்பிள் கணினிகளுக்கும் பிறகு கைபேசிகளுக்கும் தமிழைக் கொண்டுபோனார்; அவருடைய ‘செல்லினம்’ 2005-இலேயே கைபேசிக் குறுஞ்செய்தியில் தமிழைக் காட்டியது. மதுரைத் திட்டம் தன் நூல்களைத் திஸ்கியிலும் யூனிகோடிலும் சேர்த்தே வெளியிட்டது. எந்தக் கட்சிக்காரரும் படிக்கட்டும் என்ற பெருந்தன்மை அது. ஆனால் கவனித்துப் பார்த்தால், மக்களை யூனிகோடுக்குக் கொண்டுவந்தவை புதிய தரத்தை வகுத்தவர்களின் வாதங்கள் அல்ல. ‘இ-கலப்பை’யும், நியூ ஹொரைசன் மீடியா 2008 வாக்கில் இலவசமாகத் தந்த ‘என்.எச்.எம். ரைட்டர்’ நிரலும் செய்த காரியம் அது. என்.எச்.எம். ரைட்டர் யாரையும் திருத்த முயலவில்லை. தமிழ் 99 தெரிந்தவர் அதில் அடிக்கலாம், பாமினிக்காரர் பாமினியில், பழைய தட்டச்சர் பழைய வரிசையில், ஆங்கில எழுத்தை ஒலியாக வைத்து அடிப்பவர் அப்படியே. உள்ளே எந்த வழியில் வந்தாலும் வெளியே வருவது யூனிகோடு. விரலின் பழக்கத்தையும் கோப்பின் குறியேற்றத்தையும் பிரித்துப் பார்த்ததில்தான் அதன் சாமர்த்தியம். பத்து ஆண்டுகள் மாநாடு போட்டவர்கள் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருந்தார்கள். போட்டி முதிர்ச்சி தரும் என்பதை மறுக்கவில்லை. எதில் போட்டி என்பது முக்கியம். எவர் கோப்பு யாரிடத்தும் திறக்கும் என்பதில் போட்டி நடந்த சில ஆண்டுகள், எவர் குறியேற்றம் சிறந்தது என்பதில் போட்டி நடந்த பல ஆண்டுகளைவிட அதிகம் சாதித்தன.

இதைவிடக் கடினமான மறுப்பு இரண்டாவது ஒன்று: எந்த மேடை என்பதும் பயன்படுத்துபவரின் பிரச்சினைதானே என்பது. அதற்கும் இந்த மாவட்டத்திலேயே ஒரு சாட்சி உண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூரை அடுத்த காக்களூரில், சிட்கோ தொழிற்பேட்டைக்குப் பெயர்போன அந்த ஊரில், முதல்வர் ஜெயலலிதா மாணவர்களுக்கான விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கினார். முதல் ஆண்டுக்கே ஏறத்தாழ 9 லட்சம் கணினிகள் என்பது திட்டம். அதில் எந்த இயங்குதளம் என்பதில் பழைய பகை கிளம்பியது. மாநில அரசின் எல்காட் நிறுவனம் அதற்குச் சில ஆண்டுகள் முன்பு சூசே லினக்ஸுக்கு மாறிக் காட்டியிருந்தது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தினர் லினக்ஸ் மட்டும் போதும் என்றார்கள். விண்டோஸ் தெரியாமல் வேலை எப்படிக் கிடைக்கும் என்றது மறுதரப்பு. கடைசியில் விண்டோஸும் சென்னை சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் இரண்டும் ஒரே கணினியில் வந்தன. எந்தத் தரப்பையும் மனம்நோகச் செய்யாத முடிவு. பள்ளிக்கூடத்தில் அதை வைத்து என்ன பாடம் நடத்துவது, எந்த ஆசிரியர் நடத்துவது என்ற கேள்வி இந்தச் சண்டையில் கீழே போனது. கேரளத்தில் ‘ஐடி அட் ஸ்கூல்’ திட்டம் லினக்ஸைத் தேர்ந்தெடுத்தபோது கூடவே பாடநூலும் ஆசிரியர் பயிற்சியும் வந்தன. அங்கே லினக்ஸ் நிலைத்ததற்கு அதன் நிரல் தரத்தைவிட இந்த இரண்டும்தான் காரணம் என்பேன்.

கட்டற்ற மென்பொருள் தரப்பு இதற்குச் சொல்லும் பதில் அலட்சியப்படுத்தக் கூடியதல்ல. ‘வாடிக்கையாளர் தேவை’ என்று இன்றைய வசதியை மட்டும் பார்த்தால் நாளைய கட்டுண்ட நிலை கண்ணில் படாது. மேடை எது என்பதும் வாடிக்கையாளரின் பிரச்சினையே, அவருக்கு அது பத்தாண்டு கழித்துத்தான் தெரியும் என்பது அவர்கள் பதில். 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியபோது இது மெய்யானது: அலுவலகக் கணினிகளில் பாஸ் லினக்ஸை நிறுவிக்கொள்ளும்படி தமிழக அரசு அப்போதுதான் துறைகளைக் கேட்டுக்கொண்டது. இந்த மறுப்பை நான் முழுதாகவே ஏற்கிறேன். என் வாதத்துக்கு அது பகையும் அல்ல. மேடைகளைப் பற்றி வாடிக்கையாளர் சார்பில் கேட்க வேண்டிய நியாயமான கேள்வி ஒன்று உண்டு: இதைவிட்டு வெளியேற நினைத்தால் என் கோப்புகளை எடுத்துக்கொண்டு போக முடியுமா? திஸ்கியா டாப்பா என்று வாதிட்டவர்களும் விண்டோஸா லினக்ஸா என்று வாதிட்டவர்களும் இந்தக் கேள்வியை நடுவில் வைத்திருந்தால் சண்டை சீக்கிரம் முடிந்திருக்கும், தோற்றவர் யார் என்பதும் அவ்வளவு முக்கியமாக இருந்திருக்காது. விற்பனை எழுத்துருக்களில் தனக்கென ஒரு குறியேற்றம் வைத்த நிறுவனங்கள் தெரிந்தோ தெரியாமலோ செய்தது இதன் நேர் எதிர். அவர்களுடைய எழுத்துரு அழகாக இருந்தது, வாங்கியவர் வெளியேற வழி இல்லாமல் இருந்தது.

2010 அரசாணைக்குப் பின்னும் வானவில் போய்விடவில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகம் மருதம் போன்ற யூனிகோடு எழுத்துருக்களை இலவசமாக வெளியிட்ட பிறகும் பல அலுவலகங்களில் பழைய வார்ப்புருக் கோப்பைத் திறந்து, தேதியையும் பெயரையும் மாற்றி, அச்சிட்டுக் கையெழுத்துக்கு வைப்பதே நடைமுறையாக நீடித்தது. இதையும் சோம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது. தாளில் அச்சிட்டு அனுப்பும்வரை குறியேற்றம் எதுவானாலும் கடிதம் கடிதம்தான். மின்வழியில் அனுப்பவும் தேடவும் வேண்டிய நாள் வந்தபோதுதான் மாறும் தேவை பிறந்தது. பட்டா, சிட்டா, ‘அ’ பதிவேடு ஆகியவற்றை வீட்டிலிருந்தே கைபேசியில் பார்க்கலாம் என்றானபின், தேர்வாய்கண்டிகைப் பக்கத்து விவசாயி ஒருவர் தன் புல எண்ணை அடித்துத் தேட யூனிகோடு என்ற பெயரைக்கூடத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆனால் அரசு 2022-இல், ஆணை பிறந்து 12 ஆண்டுகள் கழித்து, ‘கீழடி’ என்ற விசைப்பலகையையும் பழைய குறியேற்றங்களை யூனிகோடாக்கும் ‘தமிழி’ என்ற மாற்றியையும் வெளியிட வேண்டியிருந்தது என்பதே, மாறாமல் கிடந்த கோப்பு எவ்வளவு என்பதைச் சொல்லிவிடுகிறது.

2024 நவம்பரில் ஆவடியை அடுத்த பட்டாபிராமில் 21 மாடி டைடல் பூங்கா திறந்தது. மிதிவண்டியும் பீரங்கி வண்டியும் செய்து பேர்பெற்ற இந்தப் பகுதியில் இனி மென்பொருளும் ஒரு தொழில். எந்த நிரல்மொழி, எந்த மேகக்கணினி, எந்தக் கைபேசி என்ற சண்டைகள் அங்கும் நடக்கும். நடக்கட்டும், அந்தத் தொழிலில் அது தவிர்க்க முடியாத பொழுதுபோக்கு. அதற்கிடையில் மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு வேண்டுகோள். 1997-க்கும் 2010-க்கும் இடையில் திருவள்ளூர் மாவட்ட அலுவலகங்களில் வானவில்லிலும் டாமிலும் அடித்த கோப்புகள் — நில எடுப்பு அறிவிக்கைகள், விசாரணைக் குறிப்புகள், கூட்ட நடவடிக்கைகள் — பழைய வன்தட்டுகளில் எஞ்சியிருந்தால், அந்தக் கணினிகளைக் கழிவென்று ஏலம் விடுமுன் அவற்றை யூனிகோடாக மாற்றி ஆவணக் காப்பகத்தில் சேர்த்துவிடுங்கள். மாற்றும் கருவி அரசிடமே, இலவசமாக இருக்கிறது.